பனியில் அடிக்க வேண்டிய கம்பளம்

1

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். போர்ட் பிளேரின் மரைன் ஹில்லில் என் தங்கை செல்வியின் வீடு. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது என் மைத்துனர் முருகேசனின் முதுகு. கூடத்தில் விரித்திருந்த கம்பளத்தின் ஒரு மூலையில் மண்டியிட்டு, மூக்குக் கண்ணாடி போட்டு, கைபேசி விளக்கைப் பிடித்து எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், முழிச்சிட்டீங்களா? இதுல யாரோ பேரு போட்டிருக்கே.”

“பேரு இல்ல மாப்ள. முதலெழுத்து. கே.பி.”

“அதான் கேக்குறேன். யாரு அந்த கே.பி.? ஹார்பர்ல கே.பெருமாள்னு ஒருத்தன் இருக்கான். பெரார்கஞ்ச்ல கே.பாண்டியன். ரெண்டு பேருமே நமக்கு ஆகாதவனுங்க.”

அன்று செல்வியின் மகள் கயலுக்கு நிச்சயதார்த்தம். நான் தாய்மாமன். ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்ற துறைமுக நகரத்திலிருந்து சீராக நான் கொண்டுவந்தது அந்தக் கம்பளம். கையால் நெய்தது, அறுபது வயது ஆனது. பெட்டியில் விழுந்த மடிப்பு போகட்டும் என்று சனிக்கிழமை மாலையே விரித்திருந்தோம்.

நம் ஊரில் பாத்திரத்தில் ஏன் பெயர் வெட்டுகிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடம் யார் கொடுத்தது என்று குடமே சொல்ல வேண்டும். வேறொருவர் பெயர் வெட்டிய குடம் சீரில் வந்தால், அது யாருக்கோ வந்து, வேண்டாம் என்று நகர்ந்து, நம்மிடம் சேர்ந்தது என்று பொருள். மாப்பிள்ளையின் அப்பா அழகர்சாமி அண்ணாச்சிக்கு அபர்டீன் பஜாரில் ஹார்டுவேர் கடை. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்ப்பவர் என்று பஜாரில் பெயர். சாப்பாட்டைப் பற்றி அதற்கப்புறம்தான் பேசுவார்.

“அவரு கண்ணுல இது படாம இருக்காது மச்சான்” என்றார் முருகேசன். “யாரோ வேண்டாம்னு தள்ளினதை நம்ம தலையில கட்டுறாங்கன்னு எழுந்து போயிருவாரு. நான் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க.”

எழுதி வைத்துக்கொண்டேன். பழக்கம்.

2

போர்ட் பிளேரில் ஒரு சிறிய பத்திரிகையில் ஏழு வருடம் கப்பல் வருகைப் பத்தி எழுதினேன். எந்தக் கப்பல், எந்த ஜெட்டி, எத்தனை மணி, எவ்வளவு தாமதம். தீவில் எல்லாரும் படித்த ஒரே பத்தி அதுதான். அதில் என் பெயர் இருக்காது. மனைவிக்குச் செவிலியர் வேலை கிடைத்ததால் ஸ்வீடன் போய் இந்த ஆவணியோடு பதினான்கு வருடம் ஆகிறது. இப்போது துறைமுகக் கிடங்கு ஒன்றில் சரக்குப் பட்டியல் எழுதுகிறேன். அதில் என் பெயர் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

போன புதிதில் நம்மைப் போலவே எல்லாம் புதிதாக வாங்கினோம். தங்க நிறக் கால் வைத்த சோபா, கண்ணாடி மேசை. கிடங்கில் உடன் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், உட்கார்ந்தார்கள், “புதிதா?” என்று கேட்டார்கள். நம் ஊரில் “சர்க்கரையா?” என்று கேட்கும் அதே குரல்.

அவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. அங்கே புதிதாக இருந்தது பால் மட்டும்தான். நாற்காலி இறந்த அத்தையுடையது. விளக்கு இறந்த பக்கத்து வீட்டுக்காரருடையது. காப்பிக் கோப்பை யாருடையது என்று தெரியாது, ஆனால் அவர் இறந்துவிட்டார் என்பது உறுதி. வீட்டைச் சுற்றிக் காட்டி முடித்தால் ஒரு நாளிதழின் இரங்கல் பக்கத்தை வாசித்து முடித்த திருப்தி வரும்.

இந்த வீடுகளின் தரையில்தான் அந்தக் கம்பளங்களை முதலில் பார்த்தேன். நீளவாக்கில் ஓடும் பாவு சணல்நார், குறுக்கே ஓடும் ஊடை கம்பளி. நம் ஜமுக்காளம் போலத் தட்டையாக இருக்கும், முடி நீட்டிக்கொண்டிருக்காது, இரண்டு பக்கமும் ஒரே கோலம். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் பெண்கள் தறியில் நெய்தவை. நெய்தவரோ கோலம் வரைந்தவரோ ஒரு மூலையில் தன் முதலெழுத்தையும் நெய்துவிடுவார். நடுவில் கொஞ்ச காலம் யாருக்கும் பிடிக்காமல் படகுக் கொட்டகைகளில் கிடந்தன. இப்போது பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். நானும் பேசக் கற்றுக்கொண்டேன். “கோடு நேராக இல்லை பாருங்கள், அதுதான் கை நெசவின் அழகு” என்று நான் ஒரு முறை சொன்னபோது, அந்த வீட்டுக்காரர் தலையசைத்த விதத்தில் எனக்குக் குடியுரிமை கிடைத்த நாளில்கூட இல்லாத மரியாதை இருந்தது.

கயலின் நிச்சயம் முடிவானதும், தங்கச் சங்கிலியும் சாக்லேட்டும் கொண்டுவரும் மாமாவாக இல்லாமல், ரசனை கொண்டுவரும் மாமாவாக வருவது என்று தீர்மானித்தேன். கிராமப்புறத்தில் ஒரு சிறிய ஏலக் கூடம். வாசல் பலகையில் “இறந்தவர் வீட்டுப் பொருள்கள்” என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நம் ஊரில் “ஆடித் தள்ளுபடி” போடும் அளவு எழுத்து.

மொழிபெயர்க்க என் மகள் மித்ரா வந்தாள். பதினாறு வயது. என் ஸ்வீடிஷ் பதினான்கு வருடத்துக்குப் பிறகும் கிடங்கு ஸ்வீடிஷ்தான், விற்பவரிடம் “இந்தச் செத்த கம்பளம் என்ன விலை?” என்று கேட்டிருக்கிறேன் போல. மித்ரா என்னைவிட்டு மூன்றடி தள்ளி நின்றுகொண்டாள். பிறகு அவளே அரை மணி நேரம் அந்த மனிதரோடு பேசினாள், சிரித்தாள், ஒரு இடத்தில் கண் கலங்கினாள். என்னோடு அவள் அரை மணி நேரம் பேசி இரண்டு வருடம் இருக்கும். என்ன சொன்னார் என்று கேட்டேன். “தண்ணி படக்கூடாது” என்றாள். “குளிர்காலத்தில் புதுப் பனியில் கவிழ்த்துப் போட்டு அடிக்கணும். அவ்வளவுதான்.”

அரை மணி நேரப் பேச்சின் சுருக்கம் அது.

3

ஸ்ரீ விஜயபுரம் என்ற புதுப் பெயர் பயணச்சீட்டில் இருந்தது. விமானத்தில் எல்லாரும் போர்ட் பிளேர் என்றார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஒரு தனி மேசையில் பதிவு செய்ய வேண்டும். எனக்கு முன்னால் முதுகுப்பையோடு இரண்டு ஜெர்மானியர்கள். அதிகாரி தமிழர்; நல்ல மனிதர்.

“அந்தமானுக்கு முதல் தடவையா சார்?”

“பெரார்கஞ்சில் வளர்ந்தேன்.”

அவர் படிவத்தைப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை. “விசிட்டர்னு போட்டுக்கிறேன்” என்றார். பெட்டியைக் காட்டி இது என்ன என்றார். அறுபது வருடத்துக் கம்பளம் என்றேன். “யூஸ்டு தானே? அப்ப ஒண்ணும் இல்ல, போங்க.” ஸ்வீடனில் நான் படித்த அத்தனை அழகியலும் அந்த ஒரு சொல்லில் சுங்கத்தைத் தாண்டியது.

செல்வி பெட்டியைத் திறந்து, கம்பளத்தை வெளியே எடுத்து, அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

“அண்ணே, டபுள் டோர் ஃப்ரிட்ஜுன்னு போன்ல சொன்னேனே, லைன் சரியா கேக்கலையா?”

“கேட்டுச்சு. இது அதைவிட விலை.”

“இது எங்க ஜமுக்காளம் மாதிரியில்ல இருக்கு. அதாவது புதுசு.”

“கோடு நேரா இல்ல பாரு—”

“அதைத்தான் நானும் பாத்தேன்.”

அவள் கவலைக்குக் காரணம் உண்டு. கயல் பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. தினமும் சாத்தம் ஜெட்டியில் படகேறி பாம்பூ பிளாட் போய், அங்கிருந்து பஸ். அந்தப் படகின் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன் சதீஷ், அழகர்சாமி அண்ணாச்சியின் மகன். மூன்று வருடமாகக் கயல் ஒரு நாளும் அந்தப் படகைத் தவறவிட்டதில்லை. இரண்டு வீட்டுக்கும் இது தெரியும். இரண்டு வீடும் இதை ஜாதகப் பொருத்தம் என்றுதான் சொல்கின்றன. அண்ணாச்சி மனமிறங்கி வருவதற்கே ஒன்றரை வருடம் ஆனது. சின்னச் சாக்கு கிடைத்தாலும் மெயின்லேண்டில் பார்த்து வைத்திருக்கும் பெண்ணைச் சொல்வார் என்பது செல்வியின் பயம்.

“இருபத்தெட்டு வயசு ஆகுதுண்ணே அவளுக்கு. இவன் இல்லன்னா வேற யாரும் வேண்டாங்குறா. இதுல போயி பழைய துணியைக் கொண்டாந்து வச்சிருக்க.”

ஞாயிறு காலை முருகேசன் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். பழத்தட்டில் மிகப் பெரியதை, ஆப்பிள் அடுக்கியதை, கே.பி. என்ற எழுத்தின் மேல் வைத்தார். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். “இப்ப யாரு வந்து படிக்கிறான்னு பாப்போம்.”

4

பத்தே காலுக்கு மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது; அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். எல்லாரையும் கம்பளத்தின் மேலேயே நிற்கவைத்து வரவேற்றோம். அண்ணாச்சி கீழே பார்த்தார். குனிந்து ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார்.

“தம்பி, இதுல சீதா எது, உல்டா எது?”

“ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் அண்ணாச்சி.”

“அதெப்படி? எந்தச் சாமானுக்கும் அடிப்பக்கம்னு ஒரு உல்டா இருக்கணும்ல. இல்லாட்டி நல்ல பக்கம் எதுன்னு எப்படித் தெரியும்?”

இது நியாயமான கேள்வி. நான் பதில் தேடுவதற்குள் அவர் ஓரமாகவே நடந்து போய் ஆப்பிள் தட்டைத் தூக்கிவிட்டார்.

“யாரு இது, கே.பி.?”

“கம்பெனி பேரு அண்ணாச்சி” என்றார் முருகேசன். “கே.பி. கம்பெனி. ஸ்வீடன்ல ரொம்ப பெருசு. இங்க டீலர் கிடையாது.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கப்பல் தாமதத்தை ஏழு வருடத்தில் பத்து நிமிடம்கூடக் குறைத்து எழுதியதில்லை நான். கயல் உள்ளறை வாசலில் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஆமாம்” என்றேன்.

“அச்சா” என்றார் அண்ணாச்சி. “கம்பெனி சாமான்னா சரிதான். பக்கா.” ஆப்பிள் தட்டைத் திரும்ப வைத்தார். செல்வி மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

பத்து நாற்பதுக்கு, மாப்பிள்ளை வீட்டார் மித்ராவையும் பார்க்கட்டும் என்று செல்வி என் கைபேசியில், வீட்டு வைஃபை வழியாக, வீடியோ அழைப்பு போட்டாள். ஸ்வீடனில் அப்போது ஞாயிறு காலை ஏழு பத்து. தூக்கத்திலிருந்து எழுந்தவள் பொய் சொல்லும் அளவுக்கு விழித்திருக்கவில்லை. விழித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். நான்தான் அப்படி வளர்த்தேன்.

“என்னம்மா மித்ரா, நல்லா இருக்கியா?” என்றார் அண்ணாச்சி. நல்ல மனநிலையில் இருந்தார். “அப்பா கொண்டாந்த கம்பளத்துல நிக்கிறோம் பாரு.”

“ஹாய் அங்கிள். அது ரொம்ப நல்ல கம்பளம்.” அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். நீளமாகத் தமிழ் பேச முயல்கிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. “ஒரு அம்மா இருந்தாங்க. தொண்ணூத்து மூணு வயசு. அவங்க கட்டில் பக்கத்துல அது இருந்துச்சு. தினம் காலைல எந்திரிச்சா அவங்க முதல்ல அதுலதான் கால் வைப்பாங்க. அறுபது வருஷம். ஒரு நாள் எந்திரிக்கல.” நிறுத்தினாள். “அழகா இருக்குல்ல?”

ஸ்வீடனில் ஒரு பொருளைப் பற்றி இதைவிடப் பெரிதாகப் பாராட்ட முடியாது.

பன்னிரண்டு பேர் நின்ற கம்பளம் நான்கு நொடியில் காலியானது.

“செத்த வீட்டுச் சாமானா?” என்றார் அண்ணாச்சி.

முருகேசன் கைபேசியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

“அதும் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்துல கிடந்தது. அதுல எம்மவனை நிக்க வச்சிருக்கீங்க.” அவர் குரலை உயர்த்தவில்லை. “நான் மெயின்லேண்ட்ல எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.” வராந்தாவுக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டிருந்தது, டவர் இல்லை. கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கி வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். டவர் வராத வரைக்கும் கல்யாணம் நிற்கவில்லை என்று கணக்கு.

5

பதினொன்று ஐந்து. செல்வி அடுக்களையில் அழுதுகொண்டிருந்தாள். கயல் நேராக என்னிடம் வந்தாள்.

“மாமா, இதைத் துவைக்கலாமா?”

“தண்ணியே படக்கூடாதும்மா. சணல் சுருண்டுக்கும், கம்பளி இறுகிடும், சாயம் ஓடும். பனியில கவிழ்த்துப் போட்டுத்தான் அடிக்கணும்.”

“பனிக்கு நான் எங்க போவேன்? மவுண்ட் ஹாரியட் மலைக்கா?”

“இல்ல கயல், நான் என்ன சொல்ல வரேன்னா—”

“துவைக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மணி பார்த்தேன். பதினொன்று எட்டு. கம்பளம் யாரும் இல்லாமல் கிடந்தது. அந்தக் கோடு நேராக இல்லாததுதான் அழகு என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அறிவால் அங்கே யாருக்கும் ஒரு பயனும் இல்லை, எனக்கும் சேர்த்து.

“துவைக்கலாம்” என்றேன்.

அவள் வராந்தாவுக்குப் போய் அண்ணாச்சியின் முன்னால் நின்றாள்.

“மாமா, சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா நாம என்ன செய்வோம்?”

“என்ன செய்வோம்? குளிப்போம்.”

“குளிச்சிட்டு வீட்டுக்குள்ள வருவோம்ல? இதையும் குளிப்பாட்டிருவோம். மஞ்சத்தண்ணி ஊத்தி.”

“மனுசனும் கம்பளமும் ஒண்ணாம்மா?”

“மனுசன் தானா நடந்து பாத்ரூம் போவான். இதை நாமதான் தூக்கிட்டுப் போகணும். அவ்வளவுதானே மாமா?”

அண்ணாச்சி கைபேசியைக் கீழே இறக்கினார். அவர் சரியென்று சொல்வாரா என்று எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சதீஷ் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். வேட்டியை மடித்துக் கட்டினான். கூடத்துக்குள் வந்து ஆப்பிள் தட்டை நகர்த்திவிட்டு, கம்பளத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, மழையில் கொல்லைப்பக்கம் நடந்தான்.

செல்வி ஹீட்டரைத் திறந்து வெந்நீர் பிடித்தாள். பச்சைத் தண்ணீர் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானே இரண்டாவது வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் விரித்து, மஞ்சள் கரைத்த வெந்நீரை ஊற்றினோம். முதலில் ஓடியது நீலம். பிறகு ஒரு சிவப்பு; அந்தக் கம்பளத்தில் சிவப்பு இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரியும். சதீஷ் மேலே ஏறி மிதித்தான். இன்ஜின் அறை ஆள். கால் பலமாக விழுந்தது. ஓரங்கள் மேலே சுருண்டன. கயல் புடவையைச் செருகிக்கொண்டு குடை பிடித்தாள், கம்பளத்துக்கு அல்ல.

அண்ணாச்சி கொல்லை வாசலுக்கு வந்து நின்றார்.

“ஏலே” என்றார். “அந்த மூலையை விட்டுட்டியே.”

சதீஷ் மூலைக்கு நகர்ந்தான்.

“மஞ்சள் பத்தாது போலிருக்கே” என்று செல்வியிடம் திரும்பினார். “இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா. சடங்குன்னா சடங்கா இருக்கணும்.”

செல்வி டப்பாவையே கவிழ்த்தாள். முருகேசன் தேங்காய் நார் கொண்டுவந்து தேய்க்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று எங்கே அழுக்கு மிச்சம் என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதை அழுக்கு என்று காட்டினார்களோ அதில் பாதி, கே.பி. என்ற அந்தப் பெண்மணி அறுபது ஆண்டுகளுக்கு முன் யோசித்து நெய்த பழுப்பு நிறம்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு அண்ணாச்சி மணி பார்த்தார். “டீக் ஹை. தீட்டு போச்சு. தட்டை எடுங்க.”

பதினொன்று நாற்பத்தாறுக்குத் தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் கால் முழங்கால்வரை மஞ்சளாக இருந்தது. அண்ணாச்சி சாப்பிட உட்காருவதற்கு முன் ரசவாளியைத் தூக்கி அடியைப் பார்த்தார். செல்வியின் பெயர்தான் இருந்தது.

6

சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த கைபேசியை யாரும் அணைத்திருக்கவில்லை. அதைக் கையில் எடுத்தபோது மித்ராவின் செய்தி வந்திருந்தது, ஸ்வீடிஷில். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று கேட்டிருந்தாள்.

எதுவும் தப்பில்லை, எல்லாம் சரியாகச் சொன்னாய் என்று எழுதினேன்.

பிறகு ஏன் எல்லாரும் போய்விட்டார்கள் என்று கேட்டாள்.

அதற்கு மூன்று முறை பதில் எழுதி அழித்தேன். ஒரு ஊரில் ஒரு பொருளை எத்தனை பேர் தொட்டுவிட்டுச் செத்தார்களோ அத்தனை மதிப்பு. இன்னொரு ஊரில் அத்தனை தீட்டு. உன் அப்பா இரண்டு ஊரிலும் தலையாட்டுகிறவன். கிடங்கு ஸ்வீடிஷில் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை. தமிழில் எழுதினால் அவளுக்குப் படிக்க வராது. கடைசியில் கயல் சிரிக்கும் படம் ஒன்றை அனுப்பினேன். அவள் ஒரு இதயம் அனுப்பினாள்.

கம்பளத்தைக் கொல்லைக் கம்பியில் போட்டோம். கம்பி இறங்கியதால் நடுவில் மூங்கில் முட்டுக் கொடுத்தோம். திங்கள் மழை. செவ்வாய் மழை. புதன்கிழமை ஒரு மணி நேரம் வெயில் வந்தது. செல்வி ஓடிப்போய்த் திருப்பிப் போட்டாள், எது சீதா எது உல்டா என்று யாரையும் கேட்காமல். வியாழன் மழை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு நான் விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். கம்பளம் இன்னும் காயவில்லை.